ஏற்காட்டு மலையில் நடந்து ஏறுகிறவர்களுக்கு: காட்டுமாடு, கரடி, பாம்பு, தேனீ

கேள்வி: "அண்ணா, நாங்கள் சேலத்துப் பசங்கள் ஐந்து பேர். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி ரோட்டை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையிலேயே ஏற்காட்டுக்கு ஏறி, மேலே ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்றிருக்கிறோம். வீட்டில் கரடி, காட்டெருமை என்று பயப்படுகிறார்கள். கரடி ஸ்ப்ரே வாங்கலாமா? பட்டாசு எடுத்துப் போகலாமா?"

தம்பி, பட்டாசு வேண்டவே வேண்டாம். காய்ந்த காட்டில் ஒரு பொறி போதும், மலையே பற்றிக்கொள்ளும். அதோடு, மிரண்ட காட்டுமாடு எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பக்கமே வரலாம். ஸ்ப்ரே பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் கன்னங்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருடத்துக்கு மேலாகப் பறவை பார்க்க இந்த மலையில் நடக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்தும் கேட்டும் அறிந்த விபத்துகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் நடந்திருக்கின்றன: மனிதனும் மிருகமும் ஒருவரை ஒருவர் அறியாமல் பத்தடி தூரத்தில் முட்டிக்கொண்டது. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் புலி கிடையாது. யானைக் கூட்டம் தங்கி வாழும் மலையும் இது இல்லை. உங்களை இரையாக நினைத்துப் பின்தொடரும் எதுவும் இங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நீங்கள் வருவது மிருகத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அது விலகிப் போக வழி இருக்க வேண்டும். கீழே நான் சொல்வதில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்து வருவதுதான்.

காட்டுமாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் அதைத்தான். செய்தித்தாளில் காட்டெருமை என்று போடுகிறார்கள். உண்மையில் அது எருமை இனம் அல்ல, மாட்டினம். சங்கப் பாட்டில் வரும் 'ஆமா' இதுதான். மலையில் இருப்பவர்கள் காட்டுமாடு என்றுதான் சொல்வார்கள். வளர்ந்த காளை தோள் உயரத்தில் ஆறடியைத் தொடும், எடை 600 கிலோவிலிருந்து 1,000 கிலோ வரை இருக்கும். உடம்பு கறுப்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். காபிச் செடி நிழலில் அது அசையாமல் நின்றால் இருபதடியில் கூடக் கண்ணுக்குத் தெரியாது. இதுதான் ஆபத்தே.

ஓர் ஐப்பசி மாலை. நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டு இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, ஆறு மணி இருக்கும். என்னோடு அந்தத் தோட்டத்தில் வேலை செய்த மலையாளிப் பெரியவர் ஒருவர் வந்தார். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி மக்கள்.) சட்டென்று என் தோளைப் பிடித்து நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூக்கால் பலமாகக் காற்று விடும் ஒரு சத்தம், விசில் கலந்த மாதிரி. வளைவில் ஒற்றைக் காளை. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, தன் முழு உடம்பையும் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு நின்றது. பெரியவர் வாய்க்குள்ளேயே சொன்னார்: "அது நின்னா நாமும் நிக்கணும். அது நம்மள அளக்குது." ஐந்து நிமிடம் நின்றோம். பிறகு முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, ஒரு பெரிய பலாமரத்துக்குப் பின்னால் போனோம். அது பாதையைக் கடந்து பள்ளத்தில் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பக்கவாட்டு நிற்றல்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. பார்க்கிறவர்கள் "அது நம்மைக் கண்டுகொள்ளவில்லை, ஓரமாக நிற்கிறது" என்று நினைத்துப் போனை எடுத்துக்கொண்டு முன்னே போவார்கள். அது 'நான் எவ்வளவு பெரியவன் பார்' என்று காட்டும் மிரட்டல். அடுத்த கட்டம் தலையைத் தாழ்த்துவது. தலை தாழ்ந்துவிட்டால் நேரம் இல்லை. பருத்த மரம், பாறை எது கிடைத்தாலும் அதற்குப் பின்னால் போய்விட வேண்டும். சில்வர் ஓக் மரம் நேராக, ஒல்லியாக இருக்கும், அது போதாது. வெட்டவெளியில் நேர்கோட்டில் ஓடி அதை ஜெயிக்க முடியாது. கூட்டமாக மேயும் மாடுகளை விடத் தனியாகத் திரியும் காளையிடமும், கன்றோடு இருக்கும் தாயிடமும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நூறடி தூரத்தில் பார்த்தாலே நின்றுவிடுங்கள், அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஐந்து பேர். பாதையின் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றுவிட்டால் அது நடுவில் மாட்டிக்கொண்டதாக நினைக்கும். எல்லோரும் ஒரே பக்கம், ஒன்றாக நில்லுங்கள்.

காட்டுமாடு மேய்வது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் இரவிலும். ஆகவே காலை ஏழரை, எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் ரோட்டையோ ஊரையோ தொட்டுவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் எந்த ஸ்ப்ரேயையும் விடப் பெரிய பாதுகாப்பு. ஊருக்குப் பைக்கில் திரும்பும்போதும் இருட்டிய பிறகு மலை ரோட்டில் வளைவுகளில் மெதுவாக வாருங்கள், காட்டுமாடு தாருக்கே வந்து நிற்கும்.

இனிக் கரடி. இந்த மலையில் கரடியூர் என்றே ஊர் இருக்கிறது, கரடிக்குகை என்று ஓர் இடமும் இருக்கிறது. கரடியைக் காண்பது காட்டுமாட்டைக் காண்பதை விட அரிது, ஆனால் கண்டால் விளைவு மோசம். நம்முடைய கரடி தேன்கரடி: கறையானும் பழமும் தேனும்தான் அதன் சாப்பாடு. பார்வை மந்தம். கறையான்புற்றில் வாயை வைத்து உறிஞ்சும்போது அதற்கு வேறெதுவும் காதில் விழாது. அந்த உறிஞ்சும் சத்தம் நமக்குத் தொலைவிலேயே கேட்கும். நாம் மௌனமாகப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் அது பயத்தில் பாயும், பாய்ந்தால் முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும்.

இங்கேதான் அமெரிக்கக் காணொளிகள் உங்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். அங்கே ஒரு சொல்வழக்கு உண்டு: பழுப்புக் கரடி என்றால் குப்புறப் படு, கறுப்புக் கரடி என்றால் எதிர்த்து அடி. அங்கே கறுப்புக் கரடி என்பது தனி இனம், பெரும்பாலும் மனிதரிடம் ஒதுங்கிப் போவது. நம் தேன்கரடியும் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு இனம். புலி இருக்கும் காடுகளில் பழகிய சாதி. பயந்தால் ஓடுவதை விடத் திருப்பித் தாக்குவதுதான் அதன் இயல்பு. நிறத்தைப் பார்த்து அந்த அமெரிக்க விதியை இங்கே பின்பற்றாதீர்கள். தூரத்தில் பார்த்தால் பேசிக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்கள், ஓடாதீர்கள். பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பின்கழுத்தில் கோத்து, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ளுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள், அது ஒரு கவசம். ஸ்ப்ரே என்பது மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி. இருபதடிக்குள் எதிர்பாராமல் முட்டிக்கொள்ளும் நம் புதர்க் காட்டில் அதைப் பையிலிருந்து எடுக்கவே நேரம் இருக்காது. எதிர்க்காற்றில் உங்கள் கண்ணுக்கே வரும். அந்தப் பணத்துக்கு நல்ல கணுக்கால் ஷூ வாங்குங்கள்.

நடக்கும்போது பேசிக்கொண்டே போங்கள். பாட்டுப் போடும் ஸ்பீக்கர் வேண்டாம்; அதில் நீங்கள் கேட்க வேண்டிய சத்தம் மூழ்கிப்போகும். காதில் இயர்போன் மாட்டியவனை நான் கூட அழைத்துப் போவதில்லை. கையில் ஆளுயரத் தடி ஒன்று, வளைவு வரும்போது பாறையில் இரண்டு தட்டு. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் பாதை ஒரு சுரங்கம் மாதிரி ஆகிவிடும். அங்கே நின்று, குரல் கொடுத்து, காத்திருந்து நுழையுங்கள். பாறை இடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கரடி பகலில் தூங்குவது அங்கேதான். பலாப்பழம் பழுக்கும் காலத்தில் பழ வாசனை அடிக்கும் தோப்பில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

சிறுத்தை பற்றியும் கேட்பீர்கள். மேட்டூர், டேனிஷ்பேட்டைப் பக்கங்களில் நடமாட்டம் என்று அவ்வப்போது செய்தி வரும். பகலில் ஐந்து பேர் சேர்ந்து நடந்தால் நீங்கள் அதைப் பார்க்க வாய்ப்பே குறைவு. பார்த்தால் குனியாதீர்கள், ஓடாதீர்கள், கைகளை உயர்த்திப் பெரிதாகத் தெரியுங்கள். அவ்வளவுதான்.

உண்மையில் கரடியை விடவும் சிறுத்தையை விடவும் நான் அதிகம் பயப்படுவது தேனீக்கு. மலைத்தேனீ பாறை முகட்டுக்கு அடியிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் பெரிய ராட்டாகக் கட்டும், ஒரு கூட்டில் பல்லாயிரம் ஈக்கள். கதண்டு என்னும் பெரிய குளவி அதைவிடக் கொடியது. ஒரு முறை எங்கள் கூட்டத்தில் ஒருவர் பாறை நிழலில் பீடி பற்றவைத்தார். மேலே கூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அரை நிமிடத்தில் காற்றே கறுத்துவிட்டது. அவர் அங்கேயே நின்று கையை வீசினார்; நாற்பது கொட்டுக்கு மேல் வாங்கினார், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தேனீ கொட்டும்போது வாழைப்பழ வாசனை மாதிரி ஒரு மணம் வெளியாகும். அது மற்ற ஈக்களுக்கு 'இங்கே கொட்டு' என்று சொல்லும் அழைப்பு. ஆகவே ஒரு கொட்டு பட்டதும் நின்று அடிக்காதீர்கள். சட்டையை, துண்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு, வந்த வழியே நேராக ஓடுங்கள். காட்டில் ஓட வேண்டிய ஒரே தருணம் இதுதான். தண்ணீரில் குதிக்காதீர்கள், தலையைத் தூக்கும் வரை அது மேலே காத்திருக்கும். தப்பிய பிறகு கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ அது ஒவ்வாமை. ஒரு கொட்டிலேயே உயிர் போகலாம், நேராக மருத்துவமனை. உங்கள் ஐவரில் யாருக்காவது முன்பு அப்படி ஆகியிருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் அவரைக் கூட்டி வராதீர்கள். சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள், காட்டில் புகை பிடிக்காதீர்கள், உட்காருவதற்கு முன் மேலே பாருங்கள்.

பாம்புக்கு மேலே பார்த்தால் போதாது, காலடியும் பார்க்க வேண்டும். அடிவாரத்துக் கல்லாங்காட்டில் சுருட்டை விரியன். சிறியது, செதிலை உரசி ரம்பம் அறுப்பது போல் சத்தம் போடும். புல் நிறைந்த இடத்தில் கண்ணாடி விரியன். குக்கர் ஆவி விடுவது போல் நீளமாகச் சீறும், ஆனால் நகராது. அந்தச் சீறல் கேட்டால் அப்படியே நின்று, எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மேலே ஓடை ஓரங்களில் மூங்கில் விரியன். இலைப்பச்சை நிறத்தில் கிளையோடு கிளையாகக் கை உயரத்தில் இருக்கும். ஏறும்போது செடியைப் பிடித்துத் தொங்கும் பழக்கத்தை விடுங்கள். நம்மூரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் தயாரிக்கப்படுவது. மூங்கில் விரியனுக்கு அது வேலை செய்யாது. அதன் கடியில் உயிர் போவது அரிது, ஆனால் வலியும் வீக்கமும் கடுமை.

கட்டு விரியனுக்காகத்தான் உங்கள் கூடாரத் திட்டத்தை நான் எதிர்க்கிறேன். அது இரவில் உலவுவது. தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. விடியலில் வயிற்று வலி, பிறகு இமை தானாகச் சரியும், பிறகு மூச்சு. கடிபட்டது தெரியாமலேயே போனவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது; ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000. 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆகவே இரவு ஏற்காட்டில் ஒரு விடுதியில் கட்டிலில் படுங்கள். காட்டில் கூடாரத்துக்கு அனுமதியும் கிடைக்காது. சந்தனமரக் கடத்தலுக்காகக் கண்காணிக்கப்படும் மலை இது, இரவில் டார்ச்சோடு காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறையிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடித்துவிட்டால்: கயிறு, துண்டு எதுவும் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலைக்கு நேரம் கழிக்காதீர்கள். மோதிரம், வாட்ச், கால் கொலுசு எல்லாம் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததுபோல் ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். அவரை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். வேட்டியும் இரண்டு மூங்கிலும் இருந்தால் தூளி ஆகிவிடும், ஐந்து பேர் போவதில் இருக்கும் நன்மையே அதுதான். 108-ஐ அழையுங்கள். மேலே இருந்தால் ஏற்காடு அரசு மருத்துவமனை, அடிவாரம் பக்கம் என்றால் நேரே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை. பாம்பைப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடப் பரிசோதனையிலும், இமை, மூச்சு பார்த்தும் மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டவிரோதமாக மின்வேலி போடுகிறார்கள். முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கம்பி, இரவில் கண்ணுக்கே தெரியாது. மனிதர்களும் அதில் செத்திருக்கிறார்கள். வேலியைக் குனிந்து நுழைந்து குறுக்குவழி போவது, அதுவும் விடியாத நேரத்தில், ஒருபோதும் கூடாது. அதேபோல் அவுட்டுக்காய்: பன்றி கடித்தால் வெடிப்பதற்காக மாவு, கொழுப்பு தடவி உருட்டிப் போட்டிருப்பார்கள். பாதை ஓரத்தில் உருண்டையாக எதைப் பார்த்தாலும் கையிலும் தொடாதீர்கள், காலிலும் உதைக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், கையில் கவரோடு நடக்காதீர்கள், பல்லைக் காட்டினால் கண்ணோடு கண் பார்க்காதீர்கள். குரங்கோ மலைக்கிராமத்து நாயோ கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல் என்று விடாதீர்கள், வந்தால் அந்த நோய்க்கு மருந்தில்லை. மழைக்காலத்தில் அட்டை ஏறும். உப்பு கொஞ்சம் கொண்டு போங்கள், அது தொல்லையே தவிர ஆபத்து இல்லை.

பாதை விஷயத்துக்கு வருகிறேன். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. சேலம் மாவட்டமும் அதில் இருக்கிறது. கூட வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலை மக்கள். உங்களுக்கு நான் சொல்வது: முதல் தடவை அப்படிப் போங்கள். வேறு பாதைதான் வேண்டும் என்றால் அந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுவார்கள். அப்போது வாதாடாமல் தள்ளிப்போடுங்கள். கோடையில் தண்ணீர் வற்றி எல்லா மிருகமும் ஒரே சுனைக்கு வரும். நீங்கள் பாட்டில் நிரப்பக் குனியும் சுனையும் அதுவாகவே இருக்கும்.

கிளம்பும் அன்று காலை, வழியில் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அக்காக்களைப் பார்த்தால் நின்று கேளுங்கள்: "மாடு எந்தப் பக்கம் நிக்குதுங்க?" முந்தின இரவு எந்தச் சரிவில் மேய்ந்தது, சாணி எங்கே ஈரமாகக் கிடக்கிறது, கன்று இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னால், எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும் திரும்பிவிடுங்கள். வீட்டில் ஒரு தாளில் பாதை, உங்கள் ஐந்து பேர் எண்கள், எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள் என்று எழுதி வைத்துவிட்டு வாருங்கள். மலை மடிப்புகளில் போன் சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய. ஐந்து மணிக்குள் கூப்பிடுவதாக எழுதியிருந்தால், உயரத்தில் சிக்னல் கிடைத்ததும் நாலரைக்கே அம்மாவைக் கூப்பிட்டுவிடுங்கள்.